பெற்றீசியாவைப் பற்றி ஒரு முறைப்பாடு

அக்கரப்பத்தனை,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள வீரம்மா அக்காவுக்கு,

தம்பி ஆண்டியப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மழையைத் தவிர மற்ற எல்லோரும் ஒழுங்காக இருக்கிறோம். ஆபரேஷன் செய்த உங்கள் முழங்கால் நன்றாக மடங்கி நிமிர முருகனை வேண்டுகிறேன். பேத்தி பிறந்த செய்தியை மாப்பிள்ளை துஷாந்த் சொல்லியிருப்பார். இது வேறு விசயம். அட்டனிலிருந்து நீங்கள் அனுப்பிய பெற்றீசியாவைப் பற்றிய முறைப்பாடு. போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

நம் பிள்ளை கிருஷாந்தியின் பிரசவத்துக்கு வர அவள் அம்மாவுக்குக் குவைத்தில் லீவு இல்லை, உங்களுக்கு முழங்கால், அதனால் பிள்ளைக்குத் துணையாக ஒரு 'டூலா' வரும் என்றீர்கள். முப்பது வருசம் தேயிலை ஃபெக்டரியில் நின்ற காதுக்கு அது 'தூள்' என்றுதான் விழுந்தது. நான் டின்னைக் கழுவிக் காயவைத்துக் காத்திருந்தேன். வந்தது குடையோடு ஒரு அம்மா! மருத்துவச்சியா என்றால் இல்லையாம், நர்ஸா என்றால் அதுவும் இல்லையாம். "பிரசவம் பாக்குறது ஆஸ்பத்திரிக்காரங்க அண்ணே. நான் பிள்ளை பக்கத்துல இருப்பேன்" என்றார். பக்கத்தில் இருப்பதற்கு அட்டனிலிருந்து ஒரு ஆளா அக்கா?

பிரசவத்துக்கு முந்திய மூன்று வாரமும் ஒரு மாத்திரை கொடுக்கவில்லை. பேசிக்கொண்டே பிள்ளையை நடக்க வைத்தார். வலி நேரத்தில் இடுப்பைத் தேய்த்துவிட மாப்பிள்ளைக்குப் பழக்கினார், பழகக் கிடைத்தது என் இடுப்பு. "மூச்ச மெதுவா விடுங்க அண்ணே" என்றார், விட்டேன், தூங்கிப்போனேன். ஒரு நாள் விறகெடுக்கப் போன இடத்தில் கிருஷாந்தி பெற்றீசியாவிடம் பேசுவது கேட்டது. "போன தடவ என்ன ஆச்சுன்னு யாருமே எனக்குச் சொல்லலக்கா. நானும் கேக்கல. இதுவும் போயிருமோன்னு பயமா இருக்கு." ஏழாம் மாதத்தில் போன பிள்ளையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவள்! நானும்தான் கேட்டதில்லை. பெற்றீசியா அவள் கையைப் பிடித்துக்கொண்டு "சொல்லுங்க" என்றார், அவ்வளவுதான். நான் விறகை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்குத் தேத்தண்ணி பிந்தியதற்கும் பெற்றீசியாதான் காரணம்.

வெள்ளிக்கிழமை காலையில் வலி வந்தது. வீதியில் மண் சரிந்து பாதி வழிதான் திறந்திருந்தது. நான் மழையைத் திட்டினேன், ஆட்டோவைத் திட்டினேன், மாப்பிள்ளையையும் திட்டினேன். பெற்றீசியா வலிக்கும் வலிக்கும் இடையில் எத்தனை நிமிடம் என்று பார்த்துக்கொண்டே, "நேரம் இருக்கு அண்ணே, நீங்க மூச்சு விடுங்க" என்கிறார். வலி யாருக்கு அக்கா? ஆஸ்பத்திரியில் பையைத் திறந்தால் பிள்ளைத்துணிக்குப் பதிலாக லீக்ஸும் கரட்டும்! மாப்பிள்ளை அவசரத்தில் மரக்கறிப் பையை மாற்றித் தூக்கி வந்திருக்கிறார். வலிக்கு நடுவிலும் கிருஷாந்தி சிரித்தாள். உள்ளே ஒரு பெண் துணைக்குத்தான் அனுமதி என்றார்கள், பெற்றீசியா போனார். டொக்டர் சிங்களத்தில் சொன்னதற்கெல்லாம் நம் பிள்ளை வழக்கம்போலத் தலையாட்டியிருக்கிறாள். "விளங்கலன்னா கேளுங்க, நான் சிங்களத்துல சொல்றேன்" என்றாராம் பெற்றீசியா. கேட்டாளாம் அக்கா! "எம்புள்ளயோட நெஞ்சு ஒழுங்கா துடிக்குதா?" என்று கேட்டாளாம். டொக்டர் நின்று, அந்தத் துடிப்பை மெஷினில் அவள் காதுபடப் போட்டுக் காட்டினாராம். மூன்றேகாலுக்குப் பேத்தி போட்ட சத்தம் வெளியே வாசல்வரை கேட்டது. நான் அழவில்லை. கூரைக்குக் கீழே நின்றாலும் சாரல் அடிக்கத்தான் செய்யும்.

இப்போது சொல்லுங்கள், இந்தம்மா என்னதான் செய்தார்? மருந்து கொடுத்தாரா, ஊசி போட்டாரா? கேட்டால் கிருஷாந்தி, "அந்தக்கா என் கைய விடவே இல்லப்பா" என்கிறாள். கையை விடாமல் இருப்பது ஒரு வேலையா? வீட்டுக்கு வந்த பிறகும், பேத்தி நாக்கில் கொஞ்சம் சீனித்தண்ணி வைக்கப் போனால் "தாய்ப்பால் போதும் அண்ணே" என்று தடுக்கிறார். பார்க்க வருகிறவர்களிடம் "பெத்தவ தூங்குறா" என்று சொல்ல என்னையே வாசலில் காவலுக்கு உட்காரவைத்துவிட்டார். பொறுத்துப் பார்த்து, நேற்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். "எங்களுக்கு எல்லாம் பழகிருச்சுங்க, நீங்க போகலாம்."

அத்தானுக்கு என் வணக்கம். படியில் ஏறாதீர்கள். பேத்தியின் பிஞ்சுக்கால் உதை ஒன்றும் இத்துடன்.

உங்கள் தம்பி,
ஆண்டியப்பன்

பின்குறிப்பு: வியாழக்கிழமை கிளம்பப் பெற்றீசியா துணி மடிக்கிறார். கிருஷாந்தி முகம் வாடிப்போய் இருக்கிறாள், மாப்பிள்ளை என்னோடு பேசுவதில்லை, எனக்கும் காலையிலிருந்து ரொட்டி இறங்கவில்லை. தபாலை நம்பாமல் அட்டன் பஸ் கண்டக்டரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கிடைத்த உடனே, இன்னும் பதினைஞ்சு நாள் இருக்கச் சொல்லி நீங்களே அவருக்குப் போன் பண்ணுங்கக்கா. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிறாதீங்க.