நாற்பது கிராம் வித்தியாசம்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் நலம் விசாரித்து, எங்கள் நலம் தெரிவிக்கிறேன். முழங்கால் நீங்கலாக நான் நலம். தொண்டை நீங்கலாக உங்கள் தங்கை நலம்.

தொண்டை ஆபரேஷன் ஆனதிலிருந்து ஐந்து மாதமாக அவள் பேசக் கூடாது என்பது தாங்கள் அறிந்ததே. எல்லாவற்றையும் துண்டுச் சீட்டில் எழுதுவாள். நான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும். தட்டச்சு செய்வதை வாய்விட்டுப் படிக்கும் லேப்டாப் இருப்பதாக மகள் சொல்ல, போன மாதம் கடைக்குப் போனோம். அங்கே இரண்டை எடுத்து வைத்தார்கள். ஒரே நிறம், ஒரே அகலம். ஒன்றின் பெயர் பதினாலு, மற்றதன் பெயர் பதினாலு எஸ். எடை அளவு ஆய்வாளராக முப்பத்தொரு வருடம் இருந்து, தராசு முள்ளை வைத்தே கடைக்காரன் மனத்தைப் படித்தவனாயிற்றே நான், என்னிடமா என்று டேப்பை உருவி அளந்தால், நூலிழை வித்தியாசம் இல்லை. கைக்கொன்றாக ஏந்திக் கண்ணை மூடினேன்.

"எஸ்ஸு நாப்பது கிராம் கூட இருக்கும்மா."

விற்பனைப் பெண் அட்டையைப் பார்த்துவிட்டு, "கரெக்டா நாப்பது சார்!" என்று வாயில் கைவைத்தாள்.

"அந்த நாப்பதுல என்ன இருக்கு?"

"பெரிய ஸ்பீக்கர் சார்."

எனக்கு அப்போதும் தெளியவில்லை. ஒன்றரை மணி நேரம் பொறுத்த உங்கள் தங்கை, என்னை ஒதுக்கிவிட்டு முதலாவதில் ஏதோ தட்டினாள். லீவு கேட்கும் குமாஸ்தா போல அது முனகியது. அதே வரியை எஸ்ஸில் தட்டினாள். மச்சான், என்னவென்று சொல்வேன்! "ஏங்க, அந்தப் பொண்ணு காலையிலேருந்து நிக்குது. சீக்கிரம் முடிவு பண்ணுங்க" என்று கடை முழுக்கக் கணீரென்று ஒலித்தது. வாஷிங் மெஷின் பார்த்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் திரும்பினார்கள். குரல் யாரோ ஒருத்தியுடையதுதான். ஆனால் அந்த 'ஏங்க' இருக்கிறதே, அது இவளுடையது. எனக்கு உடம்பு புல்லரித்துக் கண் நிறைந்துவிட்டது. இன்னொரு தடவை சொல்லு என்றேன். சொன்னாள். இன்னொரு தடவை என்றேன். "பில் போடச் சொல்லுங்க" என்றது எஸ்.

அன்று முதல் அது வாய் திறந்தால் நான் எழுந்து நின்றுவிடுகிறேன். மின்விசிறி துடை என்றால் துடைக்கிறேன், அலமாரியை நகர்த்து என்றால் நகர்த்துகிறேன். மனித மூளையை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது, மச்சான்.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கமும், குழந்தைகளுக்கு ஆசியும் சேர்வதாக.

இப்படிக்கு,
வாயடைத்துப் போயிருக்கும்
தங்கள் தங்கை கணவர்

பி.கு.: அண்ணா, தபால்ல போடச் சொல்லி இதை என்கிட்ட குடுத்தார். லேப்டாப் வாங்கின மறுவாரம் நான் மட்டும் டாக்டரைப் பார்த்தேன். தாராளமா பேசலாம்னுட்டார். இவர் கடைக்குப் போனப்ப பேசியும் பார்த்தேன், பழைய குரல் அப்படியே இருக்கு. ஆனா முப்பத்தாறு வருஷமா நான் தொண்டை கிழியக் கத்தியும் நடக்காத வேலையெல்லாம் இந்தப் பெட்டி ஒரு தடவை சொன்னா நடக்குது. பரண் சுத்தம் பண்றது ஒண்ணு பாக்கி. அதுவரைக்கும் போன்ல எதையும் உளறிடாதீங்க.