கேரட்டின் தரச் சான்று

சாப்பிடும்போது குழந்தை கேட்கும் கேள்விக்கெல்லாம் பொறுப்பாகப் பதில் சொல்லும் தகப்பன் வீட்டுக்கு ஒருவர் இருந்தால் போதும், உலகம் தானே உருப்பட்டுவிடும். இந்த மாபெரும் தத்துவத்தை மனிதகுலத்துக்கு வழங்கியவர், ஒரு குழாய்த் தொழிற்சாலையின் தர ஆய்வாளர்.

அவருடைய மகளுக்கு எடை போதவில்லை. அடுத்த மாதமும் ஏறாவிட்டால் ஊசிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காய்கறியைக் கண்டாலே அவள் வாய் பூட்டிக்கொள்ளும். மனைவி அதட்டி ஊட்டுவது ஆய்வாளருக்கு 'அறிவியலுக்குப் புறம்பாக'ப் பட்டது.

"நீ விலகிக்கோ. குழந்தைய கேள்வி கேக்க விடணும். புரிஞ்சா தானா சாப்பிடும்."

"என்னமோ பண்ணுங்க. தட்டு காலியாகணும், அவ்வளவுதான்" என்றாள் மனைவி.

ஒழுகும் குழாயைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கும் ஆய்வாளர், இந்த வாக்கியத்தில் இருந்த ஓட்டையைக் கவனிக்கவில்லை.

தொழிலில் அவருக்கு ஒரு விரதம் உண்டு. தானே திறந்து மூடிப் பார்க்காத குழாய்க்கு முத்திரை குத்த மாட்டார். அதை வீட்டிலும் அமலுக்குக் கொண்டுவந்தார்.

"அப்பா, கேரட் இனிக்குமா?"

வெண்ணெயில் வதக்கிய துண்டு ஒன்றை வாயில் போட்டு, கண்ணை மூடி, "இனிக்குதுடா கண்ணு" என்று அறிவித்தார்.

"அது இனிச்சுது. இது?"

நியாயம்தானே! ஒரு குழாய் ஒழுகவில்லை என்றால் அடுத்ததும் ஒழுகாது என்று எந்த மடையன் சொல்வான்? அதையும் சோதித்தார்.

"பீட்ரூட் தின்னா நாக்கு செவக்குமாப்பா? எங்க, காட்டு! நடுவுலதான் செவந்திருக்கு. ஓரம்?"

ஓரமும் சிவந்தது. தட்டு காலி.

"பாத்தியா? இதுக்குப் பேர்தான் 'உரையாடல்'!" என்று தட்டைத் தூக்கிக் காட்டினார். மனைவி மகிழ்ந்துபோய் மறுநாளிலிருந்து ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டாள், வெண்ணெயும் தாராளமாக.

தொழிற்சாலையில் சக தகப்பன்மாரைக் கூட்டி வைத்து ஆய்வாளர் சொற்பொழிவே நிகழ்த்தினார். அவருடைய சட்டைப் பொத்தான்கள் மட்டும் ஏனோ ஒத்துழைக்க மறுத்தன. சலவைக்கடைக்காரர் துணியைச் சுருக்கிவிட்டார் என்று அதற்கும் ஒரு தீர்ப்பு வழங்கினார்.

மாதம் முடிந்தது. டாக்டர் எடை பார்க்கும் இயந்திரத்தின் முள்ளைக் குனிந்து பார்த்தார்.

"கொஞ்சங்கூட ஏறலையே. சாப்பிடறாளா?"

"தினமும் தட்டு காலி டாக்டர்! உங்க மெஷின்லதான் கோளாறு."

சோதிக்காமல் குற்றம் சாட்டுவது அவர் மரபல்ல. செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே ஏறி நின்றார். முள் தலைதெறிக்க ஓடியது. நடுப் பொத்தான் ஒன்று தெறித்து மேசைக்கு அடியில் உருண்டது.

மகள் கை தட்டினாள். "மெஷின் நல்லாத்தான் இருக்கு டாக்டர்! என் காயெல்லாம் கரெக்டா காட்டுது!"

மனைவி ஆய்வாளரைப் பார்த்தாள். ஆய்வாளர் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தார். டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றினார்.

மகளின் முகம் மாறியது. அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"ஊசி வலிக்குமாப்பா?"

ஆய்வாளர் வாயைத் திறப்பதற்குள், மனைவி அவருடைய சட்டைக் கையை நிதானமாக மேலே மடித்துவிட்டாள்.

"பாத்துச் சொல்லுங்க."