பொதுவில் வைத்த பெயர்

செர்வா அச்சடித்த மரண அறிவிப்பில் செத்துப்போயிருந்தவர் அச்சக முதலாளி அம்போன்சா.

அந்தச் சுவரொட்டியைக் கையில் பிடித்தபடி அவர் அவள் முன்னால் நின்றார். கானாவின் குமாசி நகரக் கடைத்தெருவில் இருபது ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது.

“என்னை எதுக்கும்மா சாகடிச்ச?”

“நான் இல்ல சார், ப்ரோக்ராம்.”

“ப்ரோக்ராம் எழுதினது யாரு?”

எழுதியது அவள்தான். போன வருடம் சோம்பலில், ப்ரோக்ராமின் உச்சியில் ‘பெயர்’ என்று ஒரே ஒரு மாறியை வைத்து, சாவு, கல்யாணம், ரசீது மூன்றுக்கும் அதையே பொதுவாக்கியிருந்தாள். கடைசியாக யார் எதைப் போட்டாலும் எல்லோருக்கும் அதுதான். முதலாளி ரசீதில் தன் பெயரைத் தட்டியிருக்கிறார்.

“பன்னிரண்டுக்குள்ள இந்தப் பெரியவர் கையில சரியான போஸ்டர் இருக்கணும். இல்லேன்னா நாளையிலேர்ந்து வராதே. சாவுச் சடங்குன்னா சனிக்கிழமையாத்தான் இருக்கும்!”

பெஞ்சில் இலையில் சுற்றிய கென்கே மாவுருண்டையைத் தின்றுகொண்டிருந்த பெரியவர், “மெதுவா பண்ணட்டும்யா” என்றார்.

ரசீது போட்டதும் ப்ரோக்ராமே பெயரை அழித்துவிடும்படி செர்வா மாற்றினாள். அடுத்த போஸ்டரில் எழுபத்தெட்டு வயது மட்டும் காலமாகியிருந்தது.

“யாரும்மா செத்தது?”

“இப்போதைக்கு யாரும் இல்ல சார்.”

ஆர்டர் தாளைப் பார்த்து ‘க்வாபெனா டார்கோ’ என்று திரும்பத் தட்டினாள். அதற்குள் கல்யாணப் பத்திரிகை மேசையில் வேலை பார்க்கும் மான்சா, மணப்பெண் அஃபியாவின் பெயரைப் போட்டுவிட்டாள். எழுபத்தெட்டு வயது அஃபியா காலமானாள். பக்கத்தில் நின்ற அஃபியாவின் அம்மா வீறிட்டாள்.

முதலாளியின் போன் ஓயவில்லை. “இல்லம்மா, உயிரோடதான் இருக்கேன்… நானேதான் பேசறேன்… அழாதீங்க.”

செர்வா பல்லைக் கடித்துக்கொண்டு, டார்கோவின் பெயரை யாரும் மாற்ற முடியாதபடி பூட்டினாள்.

“அக்கா!” என்று மான்சா கல்யாணப் பத்திரிகையை நீட்டினாள். மணமகள்: க்வாபெனா டார்கோ.

பெரியவருக்குக் கென்கே புரையேறியது.

முதலிலேயே செய்திருக்க வேண்டியதை அப்போதுதான் செய்தாள். பொதுப் பெயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சாவுப் பகுதிக்குள் ஒன்று, கல்யாணத்துக்குள் ஒன்று, ரசீதுக்குள் ஒன்று என்று தனித்தனிப் பெயர் வைத்தாள். ஒரு பகுதியின் பெயர் இன்னொன்றின் கண்ணிலேயே படாது. மூன்றும் சரியாக வந்தன. மணி பதினொன்று ஐம்பத்தைந்து.

“ஐயா, ஒரு வேலைதான் பாக்கி. தாள்ல தேதி இல்ல. உங்க அண்ணன் என்னிக்குத் தவறினார்?”

பெரியவர் இலையை மடித்துவிட்டு, போஸ்டரை எழுத்தெழுத்தாகப் படித்தார்.

“அண்ணனா? டார்கோ நான்தாம்மா. வீட்டுப் பசங்க கையில விட்டா வேற எவன் பேர்லயாவது என்னைப் புதைச்சிடுவானுங்கன்னு நானே வந்தேன். தேதியைக் காலியாவே விடு, எனக்கொண்ணும் அவசரமில்ல.”