பூப்பாகு மட்டும் போதும்

கஸ்தூரிரங்கன் புது செல்போனைக் கையெட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மறுபடி இறக்கி, வந்திருந்த எஸ்.எம்.எஸ்ஸை உரக்கப் படித்தார்.

“எல்லாம் நாங்களே கொண்டு வரோம். நீங்க சிரமப்பட வேண்டாம். பூப்பாகு மட்டும் போதும்.”

“பூப்பாகா? அப்படின்னா?” என்றாள் அவர் மனைவி கோமளம்.

“பூவுல பண்ற பாகு. தமிழ் தெரியாதா உனக்கு?”

“தமிழ் தெரியும். அப்படி ஒரு பாகுதான் தெரியாது.”

செய்தி மதுராந்தகத்திலிருந்து வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை கஸ்தூரிரங்கனின் மகள் மானசாவை நிச்சயம் பண்ணிக்கொள்ள கல்பாக்கம் வரப்போகிறார்கள் ஜானகிராமன் வீட்டார். பையன் பெயர் கிருஷ்ணபிரசாத். அவன் தங்கை ரோகிணிதான் அந்த வீட்டுக்கு எஸ்.எம்.எஸ். இலாகா. செல்போனில் தமிழ் எழுத்து வராத காலம். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்பியிருந்தாள்.

“ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்கோளேன்.”

“நானா? கேக்கறதா?”

கஸ்தூரிரங்கன் கேட்க மாட்டார். போன வருஷம் எல்லாம் கூடி வந்த ஒரு சம்பந்தத்தில், “பையன் குறட்டை விடுவானோ?” என்று பையனின் அப்பாவிடம் கேட்டு வைத்தார். பையன் விடுவானோ என்னவோ, அந்த அப்பா ஊரறிய விடுகிறவராம். சம்பந்தம் அத்தோடு போயிற்று. இனிமேல் பிள்ளை வீட்டாரிடம் எந்தக் கேள்வியும் கேட்பதில்லை என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதிலும், மானசா ஒரு வரனைப் பார்த்துவிட்டு, “இவரே இருக்கட்டும்பா” என்று வாய் திறந்து சொன்னது இந்தக் கிருஷ்ணபிரசாத்தைத்தான். இதுவும் தன்னால் தட்டிப்போனால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது என்று அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

“நான் வேணா அவரைக் கேக்கட்டுமாப்பா?” என்றாள் மானசா.

“வேண்டவே வேண்டாம். கோயில் கைங்கரியம் பண்ற குடும்பம். ஏதோ வழக்கம் இருக்கும். இதுகூடத் தெரியாத ஆத்துலயா பொண்ணு எடுக்கறோம்னு நினைச்சுப்பா. பாகுன்னா என்ன? சர்க்கரைக் கரைசல். இத்தனை வருஷமா நான் லேப்ல கரைசலோடதானே குப்பை கொட்டறேன்!”

சனிக்கிழமை காலையிலேயே புதுப்பட்டினம் கடைத்தெருவுக்கு ஸ்கூட்டரை விட்டார்.

“பன்னீர் ரோஜா எவ்வளவு இருக்கு?”

“கூடை முச்சூடும் கீது சார். இன்னா, வூட்ல விசேஷமா? மாலையா கட்டிடட்டா?” என்றான் பூக்கடை செல்வராஜ்.

“கட்டாதே. கொதிக்க வைக்கப் போறேன்.”

செல்வராஜ் அவரை ஏற இறங்கப் பார்த்தான். “சார், அது பூவு சார்.”

பூவைக் கொதிக்க வைத்தார். பாத்திரத்தில் தெர்மாமீட்டரை நிறுத்தி, அதைக் கண்கொட்டாமல் பார்த்தார். பாத்திரத்தைப் பார்க்கவில்லை. ரோஜா இதழெல்லாம் வெளுத்து, தண்ணீர் பழுப்பாகிவிட்டது. கோமளம் முகர்ந்து பார்த்தாள்.

“கஷாயம். இருமல் வந்தா குடிக்கலாம்.”

“நிறம்தானே போச்சு? செம்பருத்தி போட்டா சரியாயிடும்.”

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸ் வேலிகளில் செம்பருத்திக்கு என்றுமே பஞ்சமில்லை. அவர் திரும்பி வந்தபோது பஞ்சம் வந்திருந்தது.

செம்பருத்தி போட்டதும் பழுப்பு, கலங்கிய ஊதாவாயிற்று. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். கண்ணைப் பறிக்கும் சிவப்பு!

“பாத்தியா!” என்று சமையலறையிலேயே ஒரு குதி குதித்தார்.

மானசா ஒரு சொட்டு நக்கிப் பார்த்து ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். “புளிக்கறதுப்பா.”

“அமிலம் ஜாஸ்தி. சமன் பண்ணணும். கோமளம், காரம் எடு!”

கோமளம் தயங்கித் தயங்கி மிளகாய்ப்பொடி டப்பாவை நீட்டினாள். “உங்க இஷ்டம். ஆனா பாகுல இதைப் போட்டு நான் பாத்ததில்லை.”

“ஐயோ, அந்தக் காரம் இல்லைடி! சோடா உப்பு!”

சோடா உப்பு விழுந்ததுதான் தாமதம், பாகு நுரைத்துப் பொங்கி, அடுப்பை அணைத்து, மேடையில் வழிந்து, தரைக்கு இறங்கியது. பாத்திரத்தில் மிஞ்சியது பச்சைப் பசேல் என்றிருந்தது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ஷபானா ஓடி வந்தாள். “என்ன அங்கிள், தொட்டி கழுவுறீங்களா?”

“நிச்சயதார்த்தத்துக்குப் பாகு காய்ச்சறார்” என்றாள் கோமளம், குரலில் எந்த உணர்ச்சியும் இல்லாமல்.

அதன்பிறகு நடந்ததுதான் அநியாயம். பச்சையைச் சிவப்பாக்க இன்னும் எலுமிச்சை. புளிப்பை அடக்க இன்னும் சர்க்கரை. இறுகிப் போனதை இளக்க இன்னும் தண்ணீர். நீர்த்துப் போனதும் இன்னும் பூ. சின்னப் பாத்திரத்திலிருந்து பெரிய பாத்திரம், அதிலிருந்து குக்கர், கடைசியில் ஷபானா வீட்டு பிரியாணி அண்டா. பாகு குறைவதாகத் தெரியவில்லை. ஷபானா தன் வீட்டுச் சர்க்கரை டப்பாவையும் கவிழ்த்துவிட்டு, “வாசனைதான் அங்கிள் இல்லை” என்றாள். “எங்க வீட்டு நோம்பு சர்பத்துக்குப் பூவை வேக விட மாட்டோம். பாகு ஆறினதும் போட்டு மூடி வெச்சிடுவோம்.”

“பூவுக்கு இனிமே எங்கே போறது?”

அவர் கண் ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பியது. கோமளம் புரிந்துகொண்டு குறுக்கே பாய்ந்தாள்.

“அந்த மல்லியைத் தொடாதீங்கோ! கொழந்தை தலைக்கு வெச்சிருக்கேன்!”

“எல்லாம் அவாளே கொண்டு வராளாம். பூ மட்டும் வராதா என்ன?”

அந்த மல்லிகைச் சரமும் ஆறிய பாகுக்குள் போயிற்று.

ஞாயிறு காலை அண்டாவைத் திறந்தபோது வீடே மணத்தது. கோமளம் குளிர்ந்த நீரில் கலந்து ஒரு வாய் குடித்தாள். டம்ளரைக் காலி செய்துவிட்டு இன்னொன்று கலந்துகொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கஸ்தூரிரங்கனுக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அதுதான்.

மதுராந்தகத்து வேன் வந்து நின்றது. தேங்காய், பழம், மஞ்சள், வெற்றிலை, புடவை என்று தட்டுதட்டாக இறங்கியது. அவர்கள் உட்கார்ந்தார்களோ இல்லையோ, ஆளுக்கொரு டம்ளர் சிவப்பு சர்பத் கைக்கு வந்துவிட்டது.

ஜானகிராமன் காபியை எதிர்பார்த்து வந்தவர். டம்ளரைப் பார்த்தார், குடித்தார், புருவத்தை உயர்த்தினார். “பேஷ்! இது...?”

பரீட்சை வைக்கிறார் என்று நினைத்தார் கஸ்தூரிரங்கன். “உங்களுக்குத் தெரியாததா?” என்று கண் சிமிட்டினார்.

தெரியாது என்று சம்பந்தியிடம் எப்படிச் சொல்வது? “அதானே!” என்று ஜானகிராமனும் சிரித்தார்.

மானசா வந்து நமஸ்காரம் பண்ணினாள். பூவில்லாத பின்னலைப் பார்த்த பையனின் அம்மா, ‘இந்தாத்துல வழக்கமில்லை போலிருக்கு’ என்று நினைத்து, இரண்டாவது டம்ளரை வாங்கிக்கொண்டாள். கிருஷ்ணபிரசாத் மானசாவைப் பார்த்துக்கொண்டே குடித்ததில் எத்தனை டம்ளர் என்ற கணக்கே அவனுக்கு இல்லை. எல்லார் உதடும் சிவந்திருந்தது. கூடமே கலகலவென்று இருந்தது.

“எங்களுக்குப் பரம திருப்தி சம்பந்தி” என்றார் ஜானகிராமன். “இனிமே இவ எங்காத்துப் பொண்ணு. தட்டை மாத்திண்டுடலாம். நாங்க சொல்லி அனுப்பினோமே, அதைக் கொண்டு வாங்கோ.”

“இதோ!”

கஸ்தூரிரங்கனும் கோமளமும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, அண்டாவைத் தூக்கி வந்து நடுக்கூடத்தில் வைத்தார்கள்.

“எல்லாம் உங்களுக்குத்தான்!” என்றார் கஸ்தூரிரங்கன், முகமெல்லாம் பெருமையாக.

ஜானகிராமன் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். தட்டுகளைப் பார்த்தார். தன் மகளைப் பார்த்தார். ரோகிணி அவசரமாகச் செல்போனை எடுத்து, தான் அனுப்பியதைத் தானே ஒரு தடவை வாய்விட்டுப் படித்தாள். அப்புறம் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள்:

“மாமா, நான் அனுப்பினது பூப்பாகு இல்லை... பூ, பாக்கு!”