நம்பிக்கையைக் கைவிடுக

மனத்திருத்தர் என்றோர் இனம் உண்டு. உங்களுக்கு அவரைத் தெரியும். நீங்கள் அழும்போது அருகில் உட்கார மாட்டார். எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். பசறை பஸ் இரண்டு மணிநேரமாக வரவில்லை என்று நீங்கள் கொதித்தால், பஸ் நேரத்துக்கு வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்பார். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று ஒரு மாணவன் சொன்னால், மழைக்கு நல்லதும் தெரியாது கெட்டதும் தெரியாது, அர்த்தம் கொடுப்பது நாம்தான் என்று கரும்பலகையில் ஒரு மேகம் வரைந்து, அதிலிருந்து ஓர் அம்புக்குறி இழுத்து, முடிவில் ஒரு சோக முகத்தைப் போட்டு, பிறகு அந்த முகத்தின் வாயை மட்டும் அழித்து மேல்நோக்கி வளைப்பார். வாளி தருவாரா? மாட்டார்.

பதுளைப் பக்கத்து மாதிரி ஒன்றைக் காட்டுகிறேன். பெயர் தனேஸ்வரன். யாழ்ப்பாணத்துக்காரர், பசறைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறார். மூன்று நாள் செயலமர்வு ஒன்றுக்குப் போய்வந்த பின் உளவள ஆலோசனையும் பார்க்கிறார். நல்ல மனிதர். சொல்வதும் பொய் அல்ல: நடந்த சம்பவத்தைவிட, அதைப் பற்றி நாம் நம்புவதே நம்மை அதிகம் கலங்க வைக்கிறது. சிக்கலே அதுதான். சரியானதைச் சொல்கிறவரை எப்படி நிறுத்துவது?

பதினோராம் தரத்து ஷிரோமிக்குக் கணிதத் தாளைக் கண்டாலே கை நடுங்கும். சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தது. தனேஸ்வரன் அவளுக்கு மூன்று கட்டங்கள் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார். முதற் கட்டம் சம்பவம், கடைசிக் கட்டம் உணர்ச்சி, நடுவில் நம்பிக்கை. அடியில் தடித்த எழுத்தில் ஒரு வரி: ‘உன் துன்பத்துக்குக் காரணம் உன் நம்பிக்கையே. அதைக் கைவிடுக.’

அன்று மாலை அந்த வரியைத் தாய் நேசராணி வாசித்தார். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பாட்டுக்குழுவில் பாடுகிறவர். மறுநாள் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து நேராக, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு பாடசாலைக்கு வந்துவிட்டார்.

“இந்தத் தாள் நீங்க குடுத்ததா சார்?”

“ஓம், நான்தான். வாசிச்சனீங்களோ?”

“நம்பிக்கைய விடணும்னு போட்டிருக்கு.”

“கட்டாயம் விட வேணும். சின்ன வயசில இருந்தே ஊறிப்போயிருக்கும். தாய் தேப்பன்தான் ஊட்டியிருப்பினம்.”

“ஆமா, நாங்கதான் ஊட்டுனோம். ஞானஸ்நானம் குடுத்த அன்னிக்கே ஊட்டுனோம்.”

தனேஸ்வரனுக்கு மகிழ்ச்சி. இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்ட பெற்றோரை அவர் கண்டதில்லை.

“அப்ப முதல்ல நீங்கள் விடுங்கோ. பிள்ளை தானா விடும்.”

“யார விடச் சொல்றீங்க? மாதாவையா?”

நேசராணி தாளை மடித்தார்.

“நாளையிலருந்து புள்ள இஸ்கூலுக்கு வராது சார். பரீட்சையும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும், சொல் பிழையாகிவிட்டது அம்மா என்று சிரித்திருப்பார்கள். மனத்திருத்தர் சிரிப்பாரா? அவருடைய காது மடல்கள் சிவந்தன.

“செயலமர்வில தந்த சொல் அது! எனக்குப் படிப்பிக்க வாறீங்களோ?”

மேசை மீதிருந்த கை நடுங்கியது. வாசலில் நின்ற ஷிரோமி அதைப் பார்த்தாள். தாயின் கையிலிருந்து தாளை வாங்கி விரித்தாள்.

“சார், சம்பவம், அம்மா வந்தது. உணர்ச்சி, கோவம். நடுக் கட்டத்துல என்னா சார் எழுதணும்?”

கேலியா? இல்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தனேஸ்வரன் ஜன்னலைப் பார்த்தார்.

“என்னாடி அது கட்டம்?” என்றார் நேசராணி.

“நான் பெயிலானா லயமே சிரிக்கும்னு நெனைக்கிறேன்ல, அதத்தாம்மா விடச் சொல்றாரு. மாதாவ இல்ல.”

“அந்த நெனப்பா? நெனப்புன்னு எழுத வேண்டியதுதானே!” நேசராணி மகள் பக்கம் திரும்பினார். “லயத்துல எவடி சிரிக்கப் போறா? ஒருத்திகூட கணக்குல பாஸ் இல்ல. நீ பாஸானாத்தான் வயிறெரிவாளுக.”

ஷிரோமி சிரித்துவிட்டாள். கணக்கு என்ற சொல்லைக் கேட்டு அவள் சிரித்தது அதுவே முதல் தடவை.

“புள்ள நாளைக்கு வரும் சார்” என்று படங்கை இறுக்கிக்கொண்டு நேசராணி மலைக்குத் திரும்பினார்.

வந்தாள். அன்று முதற் பாடத்தில் தனேஸ்வரன் வகுப்புக்கு அறிவித்தார்: “நேற்று ஒரு தாயின்ர பிழையான நம்பிக்கையை நான் திருத்தினன்.” எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஷிரோமி நிமிரவில்லை. கணக்குச் செய்துகொண்டிருந்தாள்.

இப்போது உங்களுக்கு ஒருவர் நினைவுக்கு வந்திருப்பார். இதை அவர் கட்டாயம் வாசிக்க வேண்டும், வாசித்தால் திருந்துவார் என்று தோன்றியிருக்கும். கை கைபேசிக்கும் போயிருக்கும். அனுப்புங்கள். ஆனால் அதற்கு முன், வந்திருக்கும் செய்திகளைப் பாருங்கள். யாராவது உங்களுக்கு ஏற்கெனவே இதை அனுப்பியிருக்கலாம்.