முயல் தீவனமும் நாலு பேர் யோசனையும்

நாலு பேரைக் கேட்காமல் நாற்காலியைக்கூட நகர்த்தாத ஓர் இனம் நம்மிடையே வாழ்கிறது. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். எங்கள் முத்தியால்பேட்டைத் தெருவுக்குக் கோபிநாத்.

மகள் பூவிழி ஆசைப்பட்டாள் என்று இரண்டு முயல் குட்டிகள் வாங்கினார். வந்தது வேலை. குட்டிகளுக்கு எந்த பெல்லட், அதாவது குச்சித் தீவனம், நல்லது? கடைக்காரர் கலர் கலராக விதை கலந்த பாக்கெட்டை நீட்ட, அது சரியா என்று வாட்ஸப் குழுவில் கேட்டு, குழுவில் சொன்னது சரியா என்று மாட்டு டாக்டரைக் கேட்டு, டாக்டர் சொன்னது சரியா என்று வைத்திக்குப்பத்தில் மீன் விற்கும் அம்மாவைக் கேட்டு, அந்த அம்மா "மீனப் பத்தி கேளு சாமி" என்ற பிறகும் மனம் தேறாமல் வீடு திரும்பினார். அதுவரை குட்டிகளைக் காப்பாற்றியது அவர் மனைவி அமுதவல்லி பறித்துப் போட்ட அறுகம்புல்தான்.

கடைசியில், தெருவே பிரெஞ்சு மரியாதையோடு 'முசே' என்று அழைக்கும் எதிர்வீட்டு இராமதாஸ் அகப்பட்டார். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, பென்ஷனோடு ஊர் திரும்பிய 'சொல்தா'. கூண்டைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"கலர் வெதைய தூக்கிப் போடுங்க. புடிச்சத மட்டும் பொறுக்கித் தின்னும். எல்லாம் ஒரே மாதிரி இருக்கற பெல்லட்டா வாங்குங்க. குட்டிக்கு குதிரைமசால் தழையில செஞ்சதுதான் நல்லது, நார் நெறைய இருக்கணும். காஞ்ச புல்லு எப்பவும் கெடக்கணும். தீனிய மாத்துனா கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க."

தவறான யோசனையா? ஒரு சொல்கூட இல்லை. குட்டிகள் மளமளவென்று வளர்ந்தன. ஞாயிறுதோறும் முசே வந்து, முதுகையும் தொடையையும் அழுத்திப் பார்த்து, "இன்னும் கொஞ்ச நாளாவட்டும்" என்று சொல்லிவிட்டுப் போவார். சொந்த அண்ணனுக்குக்கூட இவ்வளவு அக்கறை கிடையாது என்று கோபிநாத் நெகிழ்ந்துபோனார்.

ஒரு ஞாயிறு முசே ஒயின் பாட்டிலும் கடுகு விழுது ஜாடியுமாக வந்தார்.

"சரியான பதம். தோல நான் பாத்துக்கறேன், நீங்க வெங்காயம் நறுக்குங்க."

பூவிழி கூண்டைக் கட்டிக்கொண்டு அழுதாள். கோபிநாத் என்ன செய்தார்? செல்போனை எடுத்தார். 'பெரியவர் மனசு நோகாம எப்படி மறுக்கிறது?' என்று குழுவில் கேட்டார். அதற்குள் முசே கூண்டின் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டார்.

சமையற்கட்டிலிருந்து வந்த அமுதவல்லி குறுக்கே நின்றாள். "இது திங்கறதுக்கு இல்லிங்க. பொண்ணு ஆசையா வளக்கறது."

முசே வாடிப்போனார். "உங்க ஊட்டுக்காரரு சொல்லவே இல்லியே."

"எதுக்கு வளக்கறீங்கன்னு நீங்க கேக்கல. எதுக்கு சொல்றீங்கன்னு அவரும் கேக்கல."

முயல்கள் பிழைத்தன. குழுவில் கோபிநாத்துக்கு இன்னும் பதில் வந்துகொண்டிருக்கிறது.

நீங்கள் இந்த இனம் இல்லையென்று நிச்சயமாகத் தெரியுமா? "நான் அப்படியா?" என்று கேட்கத்தானே இப்போது பக்கத்தில் இருப்பவர் பக்கம் திரும்பினீர்கள்? கேளுங்கள். அதற்கு முன்னால் அவர் கையில் கடுகு ஜாடி ஏதும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.