இரண்டு பூச்சுக்காரர்கள்

யாங்கூனில் நிற வேற்றுமையை ஒழிக்கும் பெரும்பொறுப்பை எங்கள் அடையாள அட்டை அலுவலகம் தானே முன்வந்து ஏற்றுக்கொண்டது. எந்தத் தெரு அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். என் அட்டை இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது.

சுற்றறிக்கை இப்படி இருந்தது: "அதிகாரிகள் இனி எவருடைய நிறத்தையும் காணலாகாது. ஆகவே மனுதாரர்கள் முகம் முழுக்கத் தனாக்கா பூசிக்கொண்டு வரவும்." பர்மாவில் பெண்கள் மரப்பட்டையை அரைத்துக் கன்னத்தில் பூசுகிற சந்தன நிறக் குழம்புதான். வாசலில் ஒரு வாளி, ஒரு பிரஷ், ஒரு பியூன். வெயிலுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

எனக்கு முன்னால் தாகேதா பேட்டை மஞ்சுளா நின்றாள். நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் புது அட்டையைக் காட்டாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அன்று புதன்.

பியூன் பூசினான். தள்ளி நின்று பார்த்தான். மறுபடியும் பூசினான். கவுண்டரில் டோ கின் மியா என்ற அதிகாரியம்மா சீட்டு எழுதினார்: "இரண்டு பூச்சு. ஏழாம் அறை." எனக்கும் அதே சீட்டு.

"ஏழாம் ரூம்ல எவ்வளவு நேரமாகும், சயாமா?" என்றாள் மஞ்சுளா.

"மூணு மாசம். உங்க தாத்தா எந்தக் கப்பல்ல வந்தார்னு விசாரிக்க வேண்டாமா?"

"ஒரு பூச்சுக்காரங்க அரை மணியில போறாங்களே! நிறம் பாக்கக் கூடாதுன்னீங்களே!"

"நிறத்தை யார் பாத்தா? பூச்சைத்தான் எண்ணுறோம். நிறம் நிறம்னு நீதான் பேசுறே. இங்கே அது குற்றம்."

ஏழாம் அறை நிறைய நம்மவர்கள். எங்களில் எத்தனை பேர், எத்தனை மாதமாகக் காத்திருக்கிறோம் என்று விவரம் கேட்டோம். நிறம் பார்க்காத அலுவலகத்தில் அப்படியொரு விவரம் இருக்க வழியில்லை என்று எழுத்துமூலம் பதில் வந்தது. மஞ்சுளா ஆத்திரத்தில் அழுதுவிட்டாள். கண்ணீர் கரைத்த இடத்தில் பூச பியூன் ஓடிவந்தான்.

"மனு எழுதுவோம்!" என்றாள். எல்லோரும் கொதித்தோம். பபேடானில் துணிக்கடை வைத்திருக்கும் விநாயகமூர்த்தி பேனாவைத் திறந்தார். எழுதுமுன் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். மூலையில் நாகரத்தினம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு மூன்று பூச்சு.

"எல்லாரையும் ஒண்ணாப் போட்டா எப்படிங்க? நமக்கு ரெண்டுதானே?" என்றார் விநாயகமூர்த்தி.

"அதானே! அவரோட சேத்தா எனக்கு எப்ப அட்டை கிடைக்கும்?" என்றாள் மஞ்சுளா.

நானும்தான் தலையாட்டினேன். இரண்டு பூச்சுக்காரர்களுக்குத் தனி பெஞ்சு கோரி மனு போட்டோம். அன்று மாலையே அனுமதி வந்தது. ஏழாம் அறையில் அவ்வளவு வேகமாக நகர்ந்த காகிதம் வேறில்லை.

வெள்ளிக்கிழமை போனது. மஞ்சுளாவின் வேலையும் போனது. பெஞ்சு நல்ல தேக்கு. இன்னும் அதில்தான் உட்கார்ந்திருக்கிறோம். நாகரத்தினத்தை உட்கார விடுவதில்லை.